திவால் மனுவுக்கு நான் நாடிய வழக்கறிஞர் அலுவலகம்: ஒரு மதிப்புரை

அமெரிக்காவில் கடன் அட்டை நிலுவையும் மருத்துவமனைப் பில்களும் சேர்ந்து மூச்சுமுட்டிய நிலையில், தவணை கட்டாமலே பெரும்பாலான கடன்களைத் தள்ளுபடி செய்யும் சாப்டர் 7 பிரிவின்கீழ் திவால் மனு தாக்கல் செய்வதற்காக நான் அணுகிய ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தின் சேவையைப் பற்றி எழுதுகிறேன். பாராட்டோடு ஒரு குறையையும் சொல்லப்போவதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

இத்தகைய அலுவலகங்கள் எல்லாமே தங்கள் விளம்பரத்தில் முதலில் தருவது, கடன்காரர்களின் தொல்லை உடனே நிற்கும் என்ற வாக்குறுதியைத்தான். அது உண்மையும்கூட. மனு நீதிமன்றத்தில் பதிவாகும் அந்தக் கணமே, எந்த நீதிபதியும் தனியாக உத்தரவிடாமலே, 'ஆட்டோமேட்டிக் ஸ்டே' என்ற தடை அமலுக்கு வந்துவிடுகிறது. அதன்பின் தொலைபேசியில் அழைப்பது, கடிதம் எழுதுவது, வழக்கு நடத்துவது, சம்பளத்தில் பிடிப்பது எல்லாம் நிறுத்தப்பட வேண்டும். தெரிந்தே மீறுபவர் நஷ்டஈடு கொடுக்க நேரிடும். என் மனு பதிவான மறுநாள் காலை, வங்கியின் வசூல் பிரிவிலிருந்து வழக்கம்போல ஒருவர் அழைத்தார். நான் வழக்கு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக வாசித்தேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார், தாக்கல் செய்த தேதியைக் கேட்டார், அதற்குமேல் ஒரு வார்த்தையும் பேசாமல் வைத்துவிட்டார். அடுத்த சம்பளச் சீட்டில், நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் மாதக்கணக்காகப் பிடிக்கப்பட்டுவந்த தொகைக்கான வரியே இல்லை.

ஆனால் இதற்கான பாராட்டு சட்டத்துக்கு உரியதே தவிர வழக்கறிஞருக்கு அல்ல. வழக்கறிஞர் இல்லாமல் தாமே மனு கொடுப்பவருக்கும் இதே தடைதான் கிடைக்கும். ஆகவே அலுவலகத்தின் தரத்தை, மனு கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை வைத்தே அளக்க வேண்டும். அந்த வகையில் இவர்கள் கெட்டிக்காரர்கள்.

முதல் சந்திப்பிலேயே, கடந்த ஓராண்டில் உறவினர் யாருக்காவது கடனைத் திருப்பிக் கொடுத்தீர்களா என்று கேட்டார்கள். பத்து மாதங்களுக்கு முன் என் அண்ணனுக்கு 4,000 டாலர் கொடுத்திருந்தேன். நாணயமாக நடந்துகொண்டதாகவே அதுவரை நினைத்திருந்தேன். சட்டத்தின் பார்வையோ வேறு. கையில் இருந்த பணத்தை மற்ற கடன்காரர்களை விட்டுவிட்டுச் சொந்தக்காரருக்கு மட்டும் கொடுத்ததாக அது கொள்ளப்படும். திவால் வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி அந்தப் பணத்தை அண்ணனிடமிருந்தே வசூலிக்க வழக்குப் போடலாம். ஓராண்டு கடக்கும்வரை இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அந்த ஆபத்து இல்லை. சம்பளப் பிடித்தம் அந்த இரண்டு மாதமும் தொடரும் என்பதால், வழக்கறிஞர் ஒரு தாளில் இரண்டு தொகைகளையும் எழுதிக் கூட்டிக் காட்டினார். பிடித்தத்தில் போவது குறைவாக இருந்ததால் காத்திருந்தோம். அந்த இடைவெளியில், வெளி வசூல் நிறுவனங்கள் அழைத்தால் வழக்கறிஞரின் பெயரையும் எண்ணையும் மட்டும் சொல்லச் சொன்னார்கள். வழக்கறிஞர் இருப்பது தெரிந்தபின் அந்நிறுவனங்கள் நேரடியாக நம்மிடம் பேசக்கூடாது என்பது 1977ஆம் ஆண்டுச் சட்டம். கடன் கொடுத்த வங்கியை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது. வங்கியின் அழைப்புகள் மனு பதிவாகும்வரை ஓயவில்லை. கடன் அட்டைகளைத் தொடவே கூடாது என்றும் கண்டிப்பாகச் சொன்னார்கள்: திவாலாகப் போவது தெரிந்தே வாங்கிய ஆடம்பரப் பொருளின் கடன் மோசடிக் கடனாகக் கருதப்பட்டு, தள்ளுபடியாகாமல் தலையில் நின்றுவிடும்.

கட்டணத்தைப் பொறுத்தவரை ஒளிவுமறைவு இல்லை. நீதிமன்றத்துக்கு 338 டாலர். அதைத் தவணையில் கட்டவும், வருமானம் மிகக் குறைவானால் விலக்குக் கேட்கவும் வழியுண்டு. மனுவுக்கு முன் ஒன்றும் பின் ஒன்றுமாக இரண்டு கட்டாய வகுப்புகளுக்குத் தனிச் செலவு. வழக்கறிஞர் தம் கட்டணம் முழுவதையும் முன்பணமாகவே வாங்கிக்கொண்டார். பணமில்லாதவனிடம் முன்பணமா என்று முதலில் கசப்பாக இருந்தது. மனுவுக்கு முந்தைய வேலைக்கு நிலுவை வைத்தால், அதுவும் மற்றக் கடன்களோடு சேர்ந்து தள்ளுபடியாகிவிடும் என்று அவர் விளக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இனி குறைக்கு வருகிறேன். என் கடன்களில் ஒன்றுக்கு நண்பர் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார். அட்டவணை எச் எனப்படும் படிவம் இணைக் கடனாளிகளுக்கென்றே இருக்கிறது. அலுவலகத்தார் அவர் பெயரை எழுத்துப் பிசகாமல் அதில் நிரப்பினார்கள். ஆனால் சாப்டர் 7 தரும் பாதுகாப்பு மனுதாரருக்கு மட்டுமே உரியது, கடன்காரர் மறுநாளே ஜாமீன்தாரரிடம் போகலாம் என்பதை ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. அடுத்த மாதமே நண்பருக்குக் கடிதம் போயிற்று. எனக்குச் செய்தி தெரிந்தது அவர் வாயிலாகத்தான். மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் தவணை கட்டும் சாப்டர் 13 பிரிவில், சொந்தச் செலவுக்காக வாங்கிய கடன்களின் ஜாமீன்தாரருக்கும் தடை நீள்கிறது. அது தெரிந்திருந்தாலும் நான் சாப்டர் 7-ஐயே தேர்ந்தெடுத்திருப்பேன். ஆனால் நண்பரிடம் முன்கூட்டியே சொல்லியிருப்பேன். கேட்டபோது, படிவத்தில் இருக்கிறதே என்றார் உதவியாளர். அந்தப் பதில் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

டிரஸ்டியின் விசாரணை காணொளியில் பத்து நிமிடத்துக்குள் முடிந்தது. கடன்காரர் ஒருவரும் வரவில்லை. அதற்கு முன்பே எவையெல்லாம் தள்ளுபடியாகாது என்பதை அலுவலகம் எழுத்தில் கொடுத்திருந்தது: குழந்தை பராமரிப்புத் தொகை, அண்மைக்கால வருமான வரி, பெரும்பாலும் கல்விக்கடன். வீட்டின்மீதோ காரின்மீதோ உள்ள அடமான உரிமையும் அழியாது; தடை நடப்பில் இருக்கும்போதே அதை விலக்கக் கோரி அந்தக் கடன்காரர் நீதிமன்றம் போகலாம். பத்தாண்டுகள் வரை கடன் வரலாற்றில் பதிவு நிற்கும் என்பதையும் மழுப்பவில்லை.

ஜாமீன் போட்டவர் யாருமில்லாதவர்களுக்கு இந்த அலுவலகத்தைத் தயங்காமல் சொல்வேன். இருப்பவர்கள், கையெழுத்திடும் முன் அட்டவணை எச்-ஐ எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் என்ன நடக்கும் என்று வழக்கறிஞரிடமே கேட்க வேண்டும். கடன்களைத் தள்ளுபடி செய்யும் உத்தரவு வந்து ஏழெட்டு மாதம் கழித்து, என் பழைய கடன் ஒன்றை விலைக்கு வாங்கிய நிறுவனம் பணம் கேட்டு எழுதியது. தற்காலிகத் தடையின் இடத்தில் அந்த உத்தரவு நிரந்தரத் தடையாக நிற்பதைச் சுட்டி, அதன் நகலோடு அலுவலகத்தார் அன்றே பதில் அனுப்பினார்கள். அதற்குத் தனிக் கட்டணம் கேட்கவில்லை.