பழைய அவுட்போர்ட் மோட்டரைத் திருத்தக் கொடுக்க முன் இதை வாசியுங்கள்

ரொறன்ரோப் பக்கம் பழைய படகு மோட்டர் வைத்திருக்கும் நம்மவர்கள் தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். 1,450 டொலர் கொடுத்துப் "புதுசாக்கின" மோட்டர் ஒன்று போன யூலையில் என்னையும் 76 வயது அப்பாவையும் ரைஸ் ஏரியின் நடுவில் விட்டுவிட்டது. திருத்தியவரின் பெயரை இங்கே எழுதவில்லை. அவர் என்ன செய்தார், எதைச் செய்யாமல் விட்டார், நான் எங்கே கவனிக்கத் தவறினேன் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

மோட்டர் ஒரு ஜோன்சன் சீஹோர்ஸ். மொடல் க்யூடி-14, 10 குதிரைவலு, 1953ஆம் ஆண்டுக்குரியது. லின்ட்சே பக்கத்துப் பண்ணை ஒன்றில், வைக்கோல் கொட்டிலுக்குள் கிடந்தது. 300 டொலருக்கு வாங்கினேன். இந்த க்யூடி வரிசை 1949இல் வந்தது. முன், நியூட்ரல், பின் என்று கியர் போடலாம், பெற்றோல் தாங்கி மோட்டரில் இல்லாமல் படகுக்குள் தனியாக இருக்கும். அந்தக் காலத்தில் அது பெரிய விஷயம். ஜோன்சனுக்கும் எவின்றூட்டுக்கும் தாய்க் கம்பனி ஒன்றுதான். அவர்களுக்குப் பீற்றர்பரோவிலும் தொழிற்சாலை இருந்தது. அந்த ஊரிலிருந்து ரைஸ் ஏரி அரை மணித்தியால ஓட்டம்.

இதை வாங்கியது அப்பாவுக்காக. அவர் யாழ்ப்பாணத்து மயிலிட்டிக்காரர். பதினாலு வயதில் கடலுக்குப் போகத் தொடங்கியவர். 1990இல் ஊரை விட்டு எழும்பினபோது கரையில் விட்டுவந்த படகையும் எஞ்சினையும் பற்றி இன்றைக்கும் கதைப்பார். பண்ணையில் இந்தப் பச்சை மோட்டரைப் பார்த்ததும் குனிந்து புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்த்தார். "சுத்துது தம்பி, உள்ளுக்கை உயிர் இருக்கு" என்றார். அதற்குப் பிறகு நான் விலை பேசவில்லை.

திருத்தக் கொடுக்க முன் ஒரு நல்ல காரியம் செய்திருந்தேன். நண்பரிடம் கேஜ் வாங்கி இரண்டு சிலிண்டர்களின் அமுக்கத்தையும் அளந்து எழுதி வைத்தேன்: 80, 78 பிஎஸ்ஐ. இந்த வயது மோட்டருக்கு இது நல்ல அளவு. முக்கியமாக, இரண்டும் கிட்டக்கிட்ட இருந்தன. ஒரு பிளக்கில் மட்டும் பொறி மங்கலாக இருந்தது.

ஸ்காபரோவில் வீட்டுக் கராஜில் வேலை செய்யும் ஒருவரை உறவினர் ஒருவர் காட்டினார். எங்கட ஆள், ஊரிலும் எஞ்சின் வேலை செய்தவர் என்றார்கள். அவரும் அன்பாகத்தான் கதைத்தார். "அண்ணை, யோசிக்காதேங்கோ. கொயில், பொயின்ற், வோட்டர் பம்ப், கியர் சீல் எல்லாம் மாத்தி, காபரேற்றர் கழுவி, பெயின்ற் அடிச்சுத் தாறன்." கொயிலும் பொயின்ற்றும் பிளக்குக்குப் பொறி தருபவை, வோட்டர் பம்ப் மோட்டரைக் குளிர்விக்கத் தண்ணீர் இழுப்பது, கியர் சீல் கியர் பெட்டிக்குள் தண்ணீர் போகாமல் தடுப்பது. வேலைகளை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பினார். விலையை ஃபோனில் மட்டும் சொன்னார்: 950. பெப்ரவரியில் 500 டொலர் காசாகக் கொடுத்தேன். பற்றுச்சீட்டு கேட்கவில்லை, நம்மவரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.

ஐந்து கிழமை என்றவர் யூன் வரை இழுத்தார். விலையும் 1,450 ஆகிவிட்டது. பாகங்கள் அமெரிக்காவிலிருந்து எடுத்ததாம். ஒன்ராறியோவில் திருத்தியவர் தன் கூலி கிடைக்கும்வரை பொருளைத் தன்னிடமே வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதே மாகாணத்தின் 2002ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், ஒப்பந்தத்தில் மதிப்பீடு எழுதியிருந்தால் அதற்கு மேல் 10 சதவீதத்துக்கு மிஞ்சி அறவிட முடியாது என்கிறது. என்னிடம் எழுத்தில் விலை இல்லை. கொடுத்துவிட்டு எடுத்தேன்.

மோட்டர் பார்க்க அவ்வளவு வடிவு. பச்சை பெயின்ற் பளபளத்தது, புது ஸ்ரிக்கர் ஒட்டியிருந்தது. பீப்பாத் தண்ணீரில் இறக்கிக் கயிறு இழுத்தார், இரண்டாவது இழுவையில் பிடித்தது. ஒரு நிமிஷம் ஓடவிட்டு நிற்பாட்டினார். அப்பா பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "பெயின்ற் நல்லாத்தான் இருக்கு. தண்ணி எங்காலை வருது?"

"ஐயா, இந்தப் பழைய மொடலுக்குத் தண்ணி பீச்சுற ஓட்டை இல்லை."

அது உண்மைதான். இன்றைய மோட்டர்களில் குளிர்விக்கும் தண்ணீர் ஓடுகிறதா என்று காட்ட மெல்லிய தாரை ஒன்று பக்கவாட்டில் பீச்சும். 1950களின் ஜோன்சனில் அது கிடையாது. தண்ணீர் புகையோடு மோட்டரின் காலின் (தண்ணீருக்குள் இறங்கும் கீழ்ப்பகுதியின்) பின்பக்கத்தால் வெளியேறும். இந்த ஓர் உண்மையைச் சொல்லித்தான் அவர் அன்றைக்குத் தப்பினார். தாரை இல்லாத மோட்டரை ஐந்து, பத்து நிமிஷம் பீப்பாவில் ஓடவிட்டுச் சிலிண்டர் தலையில் கை வைத்துப் பார்க்க வேண்டும். கை பொறுக்கும் சூடு என்றால் பம்ப் இழுக்கிறது. ஒரு நிமிஷ ஓட்டத்தில் எந்த மோட்டரும் சூடாகாது.

போகும்போது இன்னொன்றும் சொன்னார்: "இப்ப வாற ஒயில் திறம் அண்ணை, 50க்கு 1 காணும்." இதையும் நம்பாதீர்கள். 50:1, அதாவது 50 பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு ஒயில் கலப்பது, 1964 முதல் வந்த பெரும்பாலான ஜோன்சன், எவின்றூட் மோட்டர்களுக்குரியது. 1950களின் இந்த மோட்டர்களுக்கு 24:1. ஒயில் இன்றைய டிசி-டபிள்யூ 3 தரப் படகு ஒயிலாக இருந்தாலும் அளவு அதுதான். பத்து லீற்றர் பெற்றோலுக்கு 400 மில்லிலீற்றருக்குச் சற்றுக் கூட ஊற்ற வேண்டும். நான் 200 ஊற்றினேன்.

ஏரியில் இருபது நிமிஷம் ஓடியிருப்போம். காற்றில்லை, அப்பா முன்னுக்கு இருந்து தூண்டில் கட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று தலையைத் திருப்பினார். "சத்தம் மாறுது. நிற்பாட்டு தம்பி, நிற்பாட்டு!" எனக்கு எந்த வித்தியாசமும் கேட்கவில்லை. நான் கை வைக்க முன்னரே மோட்டர் இறுகி நின்றது. மூடியைத் தூக்கினால் புதுப் பெயின்ற் கொப்புளித்து மணக்கிறது. ரைஸ் ஏரி ஆழம் குறைந்தது. காற்று எழும்பினால் அலை கெதியாக எழும்பிவிடும். அன்று பின்னேரம் அப்படித்தான் எழும்பியது. இரண்டு மணித்தியாலம் தண்டு வலித்துக் கரை சேர்ந்தோம். பாதி நேரம் வலித்தது அப்பா. உள்ளங்கை கொப்புளித்தது. என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை.

பீற்றர்பரோத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒருவர் எங்களுக்கு முன்னால் இருந்து மோட்டரைக் கழற்றினார். வோட்டர் பம்பை மாற்ற வேண்டுமானால் கியர் மாற்றும் கம்பியை விடுவித்து, கியர் பெட்டியைக் காலிலிருந்து இறக்க வேண்டும். அந்தப் பொருத்தில் புதுப் பெயின்ற்றை மெல்லச் சுரண்டினார். கீழே பழைய பெயின்ற் முறியாமல், இரண்டு பாகத்தையும் ஒன்றாக மூடியபடி இருந்தது. பல வருஷமாக அந்தப் பொருத்தை யாரும் பிரிக்கவில்லை. உள்ளே, தண்ணீரை இழுக்கும் பம்ப் சக்கரமான இம்பெல்லரின் இறப்பர் இதழ்கள் கல்லாக இறுகி, பாதி உடைந்து கிடந்தன. கியர் ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது. சீலுக்குள்ளால் தண்ணீர் போயிருக்கிறது. மேலே இருக்கும் சுழல் சக்கரமான பிளைவீலைக் கழற்றினால், மாற்றியதாகச் சொன்ன இரண்டு கொயில்களும் பழையவை, கறுப்பு உறை நீளத்துக்கு வெடித்திருந்தது. 1950களின் இந்த மோட்டர்களில் அந்த உறை வெடிப்பது எல்லோரும் அறிந்த வருத்தம். ஸ்காபரோக்காரர் பொயின்ற்றை மட்டும் அரத்தாளால் தேய்த்துப் பொறி வரப்பண்ணியிருக்கிறார். அமுக்கம் அளந்தோம்: 80க்கும் 78க்கும் பதிலாக 74, 40. மேல் சிலிண்டரில் பிஸ்ரன் உரசிக் கோடு விழுந்திருந்தது.

கழற்றியபோது எடுத்த படங்களையும் ஸ்காபரோக்காரரின் வாட்ஸ்அப் பட்டியலையும் சேர்த்து அவருக்கே அனுப்பினேன். முதல் பதில்: "பழைய சாமான் அண்ணை, உத்தரவாதம் இல்லை." அடுத்த நாள் அழைத்தால் எடுக்கவில்லை. உறவினர் மூலம் கேட்டபோது, நான் ஒயில் குறைத்து ஊற்றியதுதான் காரணம் என்றாராம். அந்த அளவைச் சொன்னது அவரேதான். அது வாய்ப்பேச்சு என்பதால் என்னிடம் அத்தாட்சி இல்லை.

எனக்கு அதிக கோபம் வந்தது பாகங்களின் விலையைப் பார்த்தபோதுதான். இம்பெல்லர், கொயில், பொயின்ற், கொண்டென்சர், சீல் எல்லாம் இன்றும் புதிதாகக் கிடைக்கின்றன. எல்லாமாக 280 டொலருக்குள் வாங்கிவிட்டேன். கிடைக்காத சாமான் என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம்.

கொடுக்க முன் அமுக்கத்தை அளந்து, அளவு தெரியும்படி படம் எடுங்கள். விலையும் வேலையும் ஒரே தாளில் இருக்கட்டும். கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தரவேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். உடைந்த பழைய இம்பெல்லரைக் கையில் தர முடியாதவர் அதை மாற்றவில்லை. பெயின்ற் கடைசி வேலை, அதற்கு முன் ஒருமுறை போய்த் திறந்த மோட்டரைப் பாருங்கள். இந்தக் க்யூடிக்கு இரட்டைக் குழாய்த் தாங்கி: ஒரு குழாயால் மோட்டரிலிருந்து காற்று அமுக்கம் தாங்கிக்குப் போகும், மற்றதால் பெற்றோல் வரும். பழைய குழாய் கசிந்தால் பெற்றோல் அமுக்கத்தோடு பீச்சும். எங்களுடையதில் அதையும் மாற்றியிருக்கவில்லை. அன்று தீப் பிடிக்காதது எங்கள் அதிர்ஷ்டம்.

இப்போது ஒக்டோபர். உங்கள் மோட்டரையும் இப்படி யாராவது "திருத்தி" இருந்தால், பனி இறுக முன் கியர் பெட்டியின் கீழ்த் திருகாணியையும் மேல் திருகாணியையும் கழற்றி ஒயிலை வடித்துப் பாருங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ, ஒயில் வெள்ளையாக வந்தாலோ, முழுதாக வடித்துப் புது ஒயில் நிரப்புங்கள். அப்படியே விட்டால் உள்ளே நிற்கும் தண்ணீர் சனவரியில் உறைந்து கியர் பெட்டியை வெடிக்கச் செய்யும். கியர் சீல் மாற்றும் வேலையை வசந்தத்துக்கு முன் செய்யலாம். வடிப்பதற்கு ஒரு திருப்புளியும் பழைய பாத்திரமும் போதும்.