கடல் படப் புத்தகம்: கதையா, தகவலா, ஆழப் பயணமா?

குழந்தைகளுக்கான கடல் படப் புத்தகங்களைப் புரட்டினால் பெரும்பாலும் மூன்று வகைதான் கண்ணில் படும். வழி தவறிய ஒரு குட்டி மீன், போகிற இடமெல்லாம் புதுப்புது உயிர்களைச் சந்திக்கும் கதைப் புத்தகம் ஒன்று. பக்கம் முழுக்கப் படங்களும் பெயர்களுமாக இருக்கும் தகவல் புத்தகம் இன்னொன்று. மூன்றாவது, அலையில் ஆரம்பித்து அடித்தரை வரை பக்கம் பக்கமாக இறங்கும் ஆழப் பயணப் புத்தகம். நான்கு முதல் ஏழு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், என் ஓட்டு மூன்றாவதற்கே.

கதைப் புத்தகத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. தூங்கப் போகும் நேரத்தில் "இன்னொரு தடவை" என்று கேட்க வைப்பது அதுதான். ஆனால் கதைக்காகக் கடலையே ஒரு தெருவாகச் சுருக்கிவிடுகிறார்கள். பவளப் பாறையில் கடற்சாமந்தி என்ற பூப் போன்ற உயிரினத்துக்குள் வாழும் கோமாளி மீனுக்கு, தலையில் விளக்குத் தூண்டிலோடு இருட்டில் திரியும் ஆழ்கடல் தூண்டில் மீன் பக்கத்து வீட்டுக்காரர்! சுறா வந்தாலோ வில்லன் வேடம்தான். மீன்களிலேயே பெரியதான திமிங்கிலச் சுறா, மிதவை நுண்ணுயிர்களையும் சின்ன மீன்களையும் வடிகட்டித் தின்று வாழ்கிறது என்பதற்குக் கதையில் இடமே இருக்காது.

தகவல் புத்தகத்தில் சுவாரசியத்துக்குக் குறைவில்லை. ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், நீல ரத்தம். கடல்குதிரையில் முட்டையைப் பையில் சுமப்பது அப்பா. ஆனால் அளவுதான் இடிக்கும். 30 மீட்டர் வரை வளரும் நீலத் திமிங்கிலமும் விரலளவு கடல்குதிரையும் ஒரே அளவுக் கட்டத்துக்குள் இருக்கும். பக்கத்தில் ஒரு மனித உருவத்தையாவது வரைந்திருந்தால் சரி, வாங்கலாம்.

ஆழப் பயணப் புத்தகத்தில் ஓவியருக்குத்தான் உண்மையான வேலை. நீரில் இறங்க இறங்க முதலில் மறையும் நிறம் சிவப்பு. 200 மீட்டருக்குக் கீழே மங்கலான நீலம்தான். 1,000 மீட்டரைத் தாண்டினால் சூரிய ஒளியே கிடையாது. ஆழத்தில் பல உயிர்கள் சிவப்பாக இருப்பதும் இதனால்தான்: அங்கே சிவப்பு கறுப்பாகத் தெரியும், ஒளிந்துகொள்ள வசதி. இதைப் புரிந்துகொண்ட ஓவியர் ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு நிறத்தைக் கழற்றிக்கொண்டே போவார். அப்புறம் ஒரு முழுக் கறுப்புப் பக்கம், நடுவில் ஒரே ஒரு ஒளிப் புள்ளி. பக்கத்தைத் திருப்பினால் பற்கள்! தூண்டில் மீனின் அந்த விளக்கில் ஒளிர்வது பாக்டீரியா. விளக்கு இருப்பதும் பெண் மீனுக்கு மட்டுமே. ஆண் மீனுக்கும் விளக்கு மாட்டிய படம் இருந்தால் புத்தகத்தைக் கீழே வைத்துவிடலாம்.

ஆழம் எவ்வளவு என்பதும் இந்த வகையில்தான் பிள்ளைக்கு உறைக்கும். 1960-இல் ஜாக் பிக்கார்டும் டான் வால்ஷும் டிரியெஸ்ட் என்ற ஆழ்கடல் கலத்தில், கடலிலேயே மிக ஆழமான மரியானா அகழியின் அடி வரை போனார்கள். ஏறக்குறைய 11 கிலோமீட்டர் இறங்க ஐந்து மணி நேரம் ஆனது. அடியில் இருந்ததோ இருபது நிமிடம்.

குறை இல்லாமல் இல்லை. கறுப்புப் பக்கங்களுக்குப் பயப்படும் பிள்ளைகள் உண்டு. அவர்களுக்கு இப்போதைக்குக் கதையே போதும். இன்னொன்று, ஒவ்வொரு உயிருக்கும் ஒரே மாடி ஒதுக்கிவிடும் பழக்கம். ஸ்பெர்ம் திமிங்கிலம் மேலே வந்து மூச்சு வாங்கும், கணவாய் வேட்டைக்கு 1,000 மீட்டருக்கும் கீழே போகும். வாங்குமுன் அதைத் தேடிப் பாருங்கள்: மேல் பக்கம் ஒன்றிலும் இருட்டுப் பக்கம் ஒன்றிலும் அது இருந்தால், வரைந்தவர் விஷயம் தெரிந்தவர்.