பழைய மடிக்கணினியில் எம்எக்ஸ் லினக்ஸ்: மும்மொழி வேலையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல்

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில் இருந்துகொண்டு, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, நீதிமன்றக் கட்டளை போன்றவற்றைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மொழிகளுக்கிடையே பெயர்த்துக் கொடுக்கும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் நான். என் கருவி 2013 இல் வாங்கிய மடிக்கணினி. மூன்றாம் தலைமுறை ஐ3 செயலியும் 4 ஜிகாபைட் நினைவகமும் கொண்டது. 2023 நடுப்பகுதியில் அதில் விண்டோஸ் 10 திறந்து முடிவதற்குள் தேநீர் ஊற்றிக் குடித்துவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. 2025 ஒக்டோபர் 14 உடன் அதற்கான ஆதரவு முடியும் என்றும் அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 இன்டெல் செயலிகளில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையும் அதற்குப் பிந்தியவற்றையுமே ஏற்கும் என்பதால் அந்த வழியும் அடைபட்டிருந்தது. கணினிக் கடைகள் நிறைந்த பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் இரண்டு மாடி ஏறி இறங்கி விலை விசாரித்தேன். 2022 இல் ரூபாய் வீழ்ந்தபின் புதிய மடிக்கணினியின் விலை என் வருமானத்துக்கு ஒத்துவருவதாக இல்லை. ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டியை (வன்தட்டைவிட வேகமான சேமிப்பகம்) மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன்; விண்டோஸுக்குப் பதிலாக எம்எக்ஸ் லினக்ஸை நிறுவ முடிவுசெய்தேன்.

எம்எக்ஸ் லினக்ஸ், மெபிஸ் என்ற பழைய லினக்ஸ் வெளியீட்டைச் சூழ்ந்திருந்தவர்களும் அன்டிஎக்ஸ் என்ற மற்றொரு வெளியீட்டின் குழுவினரும் சேர்ந்து 2014 முதல் வெளியிட்டுவரும் இயங்குதளம். மெபிஸின் முதல் எழுத்தும் அன்டிஎக்ஸின் கடைசி எழுத்தும் சேர்ந்ததே அதன் பெயர். டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் நிலையான பதிப்பே அடித்தளம். நான் நிறுவிய எம்எக்ஸ் 23, டெபியன் 12 ஐ அடிப்படையாகக் கொண்டு 2023 ஜூலை 31 அன்று வெளியானது, எக்ஸ்எஃப்சிஇ 4.18 என்ற மேசைத்தளத்துடன் (திரைச் சூழலுடன்) வந்தது. நிறுவுவதற்கு முன் ஒன்பது நாட்கள் அதைப் பென்டிரைவிலிருந்தே இயக்கிப் பார்த்தேன். மாற்றிய அமைப்புகளும் எழுதிய கோப்புகளும் பென்டிரைவிலேயே சேமிக்கப்படும்படி வைத்துக்கொள்ளலாம் என்பதால், வன்தட்டில் கைவைக்காமலே உண்மையான வேலையை அதில் செய்து பார்க்க முடிந்தது.

வேகத்தைப் பற்றி நேர்மையாகச் சொல்வதானால், பாதிப் புகழ் எஸ்எஸ்டிக்கே உரியது. மீதிப் பாதி இயங்குதளத்துக்கு உண்டு. மேசைத்தளம் திறந்து எதுவும் ஓடாத நிலையில் என் கணினியில் ஏறக்குறைய 750 மெகாபைட் நினைவகமே செலவாகியிருந்தது. ஆனால் ஃபயர்பொக்ஸில் பத்துப் பன்னிரண்டு பக்கங்களைத் திறந்துவிட்டால் இந்தச் சிக்கனம் காற்றோடு போய்விடும். எந்த மெல்லிய இயங்குதளமும் கனமான இணையப் பக்கத்தை மெலிதாக்கித் தராது. நினைவகத்தின் ஒரு பகுதியைச் சுருக்கிச் சேமிக்கும் இசட்ரேம் வசதியைச் சேர்த்தபின், உலாவியையும் ஆவணங்களை எழுதும் லிப்ரே ஒஃபிஸையும் ஒன்றாகத் திறந்துவைத்து வேலை செய்ய முடிகிறது.

எனக்கு இயங்குதளம் என்பது முதலில் விசைப்பலகைதான். தமிழ்99 முறை எக்ஸ்எஃப்சிஇயின் விசைப்பலகை அமைப்பிலேயே இருந்தது. ஆனால் நான் பழகியது ரெங்கநாதன் முறை. சிங்களத்துக்கு விஜேசேகர முறை. இரண்டுக்கும் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியையும் எம்17என் என்ற மொழித் தொகுதியையும் தனியாக நிறுவவேண்டியிருந்தது. நிறுவியபின் ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையவேண்டும் என்பதை அறியாமல் ஒரு மாலை முழுவதையும் வீணாக்கினேன். அதன்பின் இன்றுவரை மூன்று மொழிகளுக்கும் ஒரே விசைச் சேர்க்கையால் மாறிக்கொண்டிருக்கிறேன். ஒருநாளும் சிக்கல் தந்ததில்லை. சிங்களத்துக்கு, லங்கா லினக்ஸ் பயனர் குழுவின் பெயரைத் தாங்கிய எழுத்துரு டெபியன் களஞ்சியத்திலேயே கிடைத்தது சிறிய மகிழ்ச்சி.

லிப்ரே ஒஃபிஸில்தான் உண்மையான தலைவலி தொடங்கியது. அது எழுத்துகளை மேலைத்தேயம், ஆசியம், சிக்கலான எழுத்தமைப்பு என மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனி எழுத்துருவும் தனி அளவும் வைத்திருக்கிறது. தமிழும் சிங்களமும் ஒரே மூன்றாம் கூட்டில் அடைபடுவதால், ஒரே பத்தியில் இரண்டும் வரும்போது தமிழுக்கு அமைத்த எழுத்துரு சிங்களத்தின்மீதும் ஏறிக்கொள்ளும். அந்த எழுத்துருவில் சிங்களம் இல்லாவிட்டால் கணினி தனக்குத் தோன்றிய வேறொன்றை எடுத்துப் போடும். இரு மொழிகளுக்கும் தனித்தனி எழுத்துப் பாணிகளை உருவாக்கி, அவற்றை வார்ப்புருவில் சேமித்த பிறகே என் ஆவணங்கள் ஒழுங்குக்கு வந்தன.

அடுத்தது பாமினி என்ற, யுனிகோடுக்கு முந்திய தமிழ் எழுத்துரு. கொழும்பில் மொழிபெயர்ப்புத் தொழில் செய்யும் எவரும் அதிலிருந்து தப்ப முடியாது; நொத்தாரிசு அலுவலகங்களிலிருந்து வரும் பழைய கோப்புகளில் பாதி இன்னமும் அதில்தான் வருகின்றன. பாமினி எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல், நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் நடுவில் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை உரிய அடைவில் பிரதி செய்தவுடன் படிக்க முடிந்தது என்றாலும், தேடவும் திருத்தவும் எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யுனிகோடு குறியாக்கத்துக்கு மாற்றியே ஆகவேண்டும். வாடிக்கையாளரின் காணி உறுதியை முகம் தெரியாத இணைய மாற்றியில் ஒட்டுவதற்கு எனக்கு மனமில்லை. ஆகவே ஒரு நண்பரின் உதவியுடன் சிறிய பைதான் நிரல் ஒன்றை எழுதிக்கொண்டேன். எழுத்துக்கு எழுத்து மாற்றுவது எளிது. மெய்க்கு முன்னால் தட்டச்சிடப்பட்ட கொம்பை யுனிகோடு முறைப்படி மெய்க்குப் பின்னால் நகர்த்துவதும், கொம்பும் காலுமாகப் பிரிந்து கிடப்பதை ஓகாரமாகவோ ஒகரமாகவோ சேர்ப்பதுமே எங்களை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்காரவைத்தன. பைதான் இயங்குதளத்துடனேயே வந்திருந்ததால் தனியாக எதையும் நிறுவவேண்டியிருக்கவில்லை.

என் வேலையின் முடிவில் வருவது கோப்பு அல்ல, கையெழுத்தும் முத்திரையும் இடப்பட்ட தாள். அங்கேதான் எம்எக்ஸ் என்னைக் கைவிட்டது என்று முதலில் எண்ணினேன். வீட்டிலிருந்த லேசர் அச்சுப்பொறி, தயாரித்த நிறுவனத்தின் மென்பொருளுக்கு மட்டும் புரியும் மொழியைப் பேசுவது. அதற்காக வெளியிடப்பட்டிருந்த லினக்ஸ் இயக்கி (கணினியையும் அச்சுப்பொறியையும் இணைக்கும் நிரல்) பழையது, ஒருமுறை அச்சிட்டால் இருமுறை அச்சிடாது. ஆறு மாதங்கள் பிடிஎஃப் கோப்பைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு காலி வீதிப் போட்டோகொப்பிக் கடைக்கு நடந்தேன். கடைசியில் அந்த அச்சுப்பொறியை விற்றுவிட்டு, தனி இயக்கி தேவைப்படாத பொது அச்சு நெறிமுறையை ஏற்கும் பாவித்த அச்சுப்பொறி ஒன்றை வாங்கினேன். வைஃபையில் இணைத்ததும் பட்டியலில் தானாகவே தோன்றியது. அச்சுப்பொறியை மாற்ற விருப்பமில்லாதவர்கள், மேலே சொன்ன பென்டிரைவ் முறையில் முதலில் அதைத்தான் சோதிக்கவேண்டும். நான் ஒன்பது நாட்களிலும் அதைச் செய்யவில்லை.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, நண்பகலை நெருங்கும் வேளையில் நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததே காரணம் என்று அமைச்சர் சொன்னார். என் மடிக்கணினியின் மின்கலம் எப்போதோ உயிரை விட்டிருந்ததால், எழுதிக்கொண்டிருந்த தீர்ப்பின் நடுவே திரை கறுத்தது. இரவு மின்சாரம் வந்தபின் இயக்கியபோது, லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 கோப்பு முறைமை, மாற்றங்களைக் குறித்துவைக்கும் தன் பதிவேட்டைப் படித்துச் சில விநாடிகளில் சரிசெய்துகொண்டது. லிப்ரே ஒஃபிஸ் மீட்டுத் தந்ததில் ஏறக்குறைய ஒரு பத்தி மட்டுமே குறைந்திருந்தது.

புதுப்பிப்புகள் அளவில் சிறியவை. எப்போது நிறுவுவது என்பதை நானே தீர்மானிக்கிறேன். எம்எக்ஸ் 23 இயல்பாகச் சிஸ்டம்டி (பின்னணிச் சேவைகளைத் தொடக்கி நிர்வகிக்கும் நிரல்) இல்லாமல் தொடங்குவதால், அதை நம்பியிருக்கும் ஸ்னாப் என்ற மென்பொருட் பொதிகள் இயங்காது. எனக்கு அவை தேவைப்படவில்லை. திரையின் இடப்பக்கம் செங்குத்தாக நின்ற பணிப்பட்டையை முதல் நாளே கீழே இறக்கிவிட்டேன்.

நான் மிக விரும்பும் கருவி ஸ்னாப்ஷொட். இயங்கிக்கொண்டிருக்கும் முழு அமைப்பையும், நிறுவிய மென்பொருட்கள் உட்பட, பென்டிரைவில் ஏற்றி வேறு கணினியில் நிறுவக்கூடிய ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக அது ஆக்கித் தரும். நம் கணக்கையும் கோப்புகளையும் விட்டுவிட்டும் ஆக்கலாம். கொட்டாஞ்சேனையில் இருக்கும் பெறாமகளின் பழைய கணினிக்கு அப்படி ஒன்றைச் செய்து கொடுத்தேன். முதல் நாள் "சித்தப்பா, இதில வேர்ட் எங்க இருக்கு?" என்று தொலைபேசியில் கேட்டாள். இப்போது அவளுடைய குறை ஒன்றுதான்: பணியிடத்திலிருந்து வரும், விண்டோஸின் லதா எழுத்துருவில் அமைந்த ஆவணங்கள் நோட்டோ எழுத்துருவில் திறக்கும்போது பக்கங்கள் முறியும் இடம் மாறிவிடுகிறது. அது எனக்கும் உள்ள குறையே. பிடிஎஃப் ஆக அனுப்புவதைத் தவிர வேறு வழியை நான் காணவில்லை.

2025 நவம்பரில் எம்எக்ஸ் 25 வெளியாகிவிட்டது. டெபியன் 13 ஐப் பின்பற்றுவதால் அதில் 32 பிட் பதிப்பு இல்லை. என் கணினி 64 பிட் என்பதால் அது எனக்குத் தடையல்ல. ஆனால் முதன்மைப் பதிப்பு மாறும்போது, வீட்டு அடைவை மட்டும் காப்பாற்றிக்கொண்டு மற்றதைப் புதிதாக நிறுவுவதே எம்எக்ஸில் வழக்கம். அப்படியானால் ஐபஸ், விஜேசேகர எல்லாவற்றையும் மீண்டும் அமைக்கவேண்டும். டெபியன் 12 க்கு நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. எம்எக்ஸ் 25 ஐப் பென்டிரைவில் ஏற்றி மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். கையிலுள்ள மூன்று காணி உறுதிகளும் முடிந்தபின் அதை எடுத்து, இம்முறை அச்சுப்பொறியிலிருந்தே சோதனையைத் தொடங்குவேன்.