சாரயேவோ முற்றுகைச் சுற்றுலா: குண்டு விழுவதற்கு முந்திய கதைக்காகவே போகலாம்

சாரயேவோவில் எந்த விடுதியில் தங்கினாலும் வரவேற்பு மேசையில் ஒரு துண்டறிக்கை கிடக்கும். பொஸ்னியாவின் தலைநகரான இந்த நகரம் 1992 முதல் 1996 வரை சேர்பியப் படைகளின் முற்றுகையில் இருந்த காலத்தைச் சுற்றிக்காட்டும் அரைநாள் பயணம். நடத்துகிற நிறுவனங்கள் பல, பாதை ஏறக்குறைய ஒன்றுதான். நாங்கள் போனதற்கு ஆளுக்கு 40 யூரோவுக்குச் சற்றுக் குறைவு, சுரங்க அருங்காட்சியக நுழைவும் அதற்குள்ளேயே அடக்கம். யூரோவாகவே வாங்கிக்கொண்டார்கள். உள்ளூர்க் காசு மாற்றத்தக்க மார்க். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று கட்டிவைத்திருக்கிறார்கள், ஆகவே இரண்டால் பெருக்கினால் கணக்குச் சரி.

துண்டறிக்கையில் பெரிதாகப் போட்டிருப்பது, முற்றுகைக்குள் இருந்த நகரத்துக்குப் பொருள் கொண்டுவர விமான ஓடுபாதைக்கு அடியால் தோண்டிய சுரங்கத்தை. என்னைக் கேட்டால், கொடுத்த காசுக்குப் பெறுமதி சுரங்கத்துக்குப் போகும் முன்னர் வழிகாட்டி சொன்ன கதையில் இருந்தது. தேர்தல் நடத்தி, டிராம் ஓட்டி, ஒலிம்பிக்கும் நடத்திய ஒரு நகரம் எப்படிப் போருக்குள் போய் விழுந்தது என்கிற பகுதி. அதைப் பற்றி அறிக்கையில் ஒரு வரிகூட இல்லை.

வழிகாட்டி, போர் தொடங்கியபோது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வயதுக்காரர். நிதானமாகக் கதைப்பவர், பகிடியும் விடுவார். குண்டிலிருந்து தொடங்குவார் என்று நினைத்தால், 1990 நவம்பர் தேர்தலிலிருந்து தொடங்கினார். யூகோஸ்லாவியாவின் ஒரு குடியரசாக இருந்த பொஸ்னியாவில் அப்போது முஸ்லிம்கள் நூற்றுக்கு 43 பேரளவில், சேர்பியர் 31, குரோவாசியர் 17. மூன்று இனத்துக்கும் மூன்று கட்சிகள், மூன்றும் வென்றன. கம்யூனிஸ்டுகளைத் தோற்கடிக்க ஒத்துப்போன அந்த மூவருக்கும் அதற்குப் பிறகு ஒத்துப்போக ஒரு விடயமும் இருக்கவில்லை.

அப்புறம் 1991 ஆகஸ்டுக்கு வந்தார். வடமேற்கில் கொசாரா மலையில் இருந்த தொலைக்காட்சி ஒலிபரப்புக் கோபுரத்தை ஆயுதம் தாங்கிய ஒரு சேர்பியக் குழு கைப்பற்றியது. அதன்பின் அந்தப் பக்கத்து வீடுகளில் சாரயேவோச் செய்தி வராது, சேர்பியாவின் தலைநகரான பெல்கிரேடின் செய்திதான். சண்டை என்று சொல்லக்கூடிய ஒன்றும் அந்த இடத்தில் இன்னும் தொடங்கவில்லை. அதே ஆண்டில் சேர்பியக் கட்சி தனக்குப் பெரும்பான்மை உள்ள இடங்களைத் தன்னாட்சிப் பகுதிகள் என்று அறிவித்தது, தனக்கென ஒரு நாடாளுமன்றத்தையும் கூட்டியது. 1992 ஜனவரி 9-இல் தனிக் குடியரசு என்று பிரகடனம். எல்லாம் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, கையெழுத்து வைத்து. அரசாங்கம் இரண்டானபோது மக்கள் வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார்கள்.

பெப்ரவரி 29, மார்ச் 1 ஆகிய இரண்டு நாளும் தனிநாட்டுக்கான வாக்கெடுப்பு. சேர்பியர்களில் பெரும்பாலானோர் அதைப் புறக்கணித்தார்கள். வாக்களித்தவர்கள் ஏறக்குறைய எல்லாரும் ஆம் என்றார்கள். இரண்டாம் நாள் பழைய கடைத்தெருவில் ஒரு சேர்பியத் திருமண ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு, மாப்பிள்ளையின் தகப்பன் செத்துப்போனார். மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பினவர்கள் கண்டது தெருவை மறித்த பேருந்துகளையும் முகமூடிக்காரர்களையும். பேச்சுவார்த்தை நடந்தது, தடைகளை எடுத்துவிட்டார்கள். சரி, முடிந்தது என்று சனங்கள் மூச்சு விட்டார்கள் என்றார் வழிகாட்டி. எனக்கு இந்த இடம்தான் மனதில் நின்றது. போர் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனமாதிரி இருந்திருக்கிறது, அதனால்தான் அடுத்த முறை யாரும் உடனே நம்பவில்லை.

ஏப்ரல் தொடக்கத்தில் காவல்துறை இரண்டாகப் பிளந்தது. நேற்றுவரை ஒரே ஜீப்பில் போனவர்களுக்கு இரண்டு தலைமையகம், இரண்டு கட்டளை. 5-ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் யூகோஸ்லாவியாவின் மறைந்த தலைவர் டிட்டோவின் படங்களைத் தூக்கிக்கொண்டு போர் வேண்டாம் என்று ஊர்வலம் போனார்கள். அன்று மில்யாட்ஸ்கா ஆற்றுப் பாலத்தில் சுடப்பட்டு இறந்த இரண்டு பெண்களின் பெயரைத்தான் பாலத்துக்கு வைத்திருக்கிறார்கள், சுவாதா–ஓல்கா பாலம். சுவாதா மருத்துவ மாணவி. மறுநாள் கூட்டத்தின்மேல் ஹாலிடே இன் ஹோட்டலிலிருந்து சுட்டார்கள். ஐரோப்பியச் சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) பொஸ்னியாவைத் தனிநாடாக ஏற்றுக்கொண்டதும் அதே நாளில்தான்.

எங்கள் குழுவில் ஓர் அமெரிக்கத் தம்பதி. மனிசி கேட்டார்: எங்கள் நாட்டிலும் இப்படி வருமா? வழிகாட்டி ஆரூடம் சொல்லவில்லை. பதிலுக்குச் சில கேள்விகளைக் கேட்டார். தேர்தலில் தோற்றவன் வீட்டுக்குப் போகிறானா? இரண்டு இடத்திலிருந்து இரண்டு கட்டளை வந்தால் உங்கள் ஊர்ப் பொலிஸ் யாருடையதைக் கேட்கும்? பக்கத்து வீட்டுக்காரனும் நீங்களும் ஒரே செய்தியைப் பார்க்கிறீர்களா? இராணுவத்தின் கனரக ஆயுதம் யார் கையில் போய்ச் சேரும்? கடைசிக் கேள்விக்கு பொஸ்னியாவின் விடை எல்லாருக்கும் தெரியும். 1992 மேயில் யூகோஸ்லாவிய இராணுவம் விலகியபோது பெரும்பகுதி ஆயுதமும் ஆளும் பொஸ்னியச் சேர்பியப் படைக்கே போயின. ஐ.நா. 1991 செப்டம்பரில் போட்ட ஆயுதத் தடை எல்லாருக்கும் பொது என்று பெயர், ஏற்கெனவே வைத்திருந்தவனை அது தொடவே இல்லை.

இன்னொரு விடயமும் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் போர் என்றதும் நம் தலைக்குள் ஒரு வரைபடம் வருகிறது. இந்த மாகாணம் அவர்களுக்கு, அந்த மாகாணம் இவர்களுக்கு, நடுவில் ஒரு கோடு. இங்கே கோடு அடுக்குமாடிகளுக்கு ஊடாக ஓடியது. மலையிலிருந்து நகரத்தைச் சுட்டவர்களின் அரசியல் தலைவர் ரடோவான் கராஜிச், அதே நகரத்தின் கோஷெவோ மருத்துவமனையில் வேலை செய்த மனநல மருத்துவர். நகரத்தைக் காத்த படையின் தளபதிகளில் ஒருவரான யோவான் திவ்யாக் ஒரு சேர்பியர். கராஜிச்சுக்கு 2019-இல் ஆயுள் தண்டனை உறுதியானது. திவ்யாக் 2021-இல் சாரயேவோவிலேயே காலமானார். 1992 மே 2-ஆம் திகதி ஜனாதிபதி இசத்பெகோவிச்சை விமான நிலையத்தில் யூகோஸ்லாவிய இராணுவம் பிடித்து வைத்தபோது, அவரை விடுவிக்கும் பேரம் தொலைக்காட்சியில் நேரடியாகப் போயிற்று. ஒரு நாட்டின் தலைவர் கடத்தப்பட்டிருப்பதை நாட்டுமக்கள் வீட்டில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன், துண்டறிக்கையிலேயே எல்லாம் இருக்கிறது. சினைப்பர் சந்து என்று பெயர் வாங்கிய பெருந்தெரு வாகனத்திலிருந்தே பார்க்கிற இடம். மார்க்காலே சந்தையில் 1994 பெப்ரவரியில் 68 பேர், 1995 ஆகஸ்டில் 43 பேர் ஷெல் விழுந்து இறந்தார்கள். இரண்டாவதற்குப் பிறகுதான் நேட்டோ பெரிய அளவில், தொடர்ச்சியாகக் குண்டு போடத் தொடங்கியது. நடைபாதையில் ஷெல் தெறித்த குழிகளுக்குச் சிவப்புப் பிசின் ஊற்றி வைத்திருக்கிறார்கள், ரோஜா என்று பெயர். வரலாற்று அருங்காட்சியகத்தின் பக்கம் ஒரு பெரிய மாட்டிறைச்சித் தகரம் சிலையாக நிற்கிறது. உதவி என்று வந்த சாப்பாட்டுக்காக, நன்றியுள்ள நகர மக்கள் சர்வதேச சமூகத்துக்கு எழுப்பிய நினைவுச்சின்னமாம். இந்த ஊர்க்காரரின் நக்கல் எனக்குப் பிடித்துவிட்டது.

சுரங்கம் புத்மிரில், விமான ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். விமான நிலையம் 1992 ஜூன் இறுதியிலிருந்து ஐ.நா. கையில். ஓடுபாதையைக் கடந்து ஓடியவர்களை ஐ.நா. விளக்கடித்துப் பிடித்துத் திருப்பி அனுப்பும், அந்த வெளிச்சத்தில் மலையிலிருந்து சுடுவார்கள். ஆகவே அடியால் தோண்டினார்கள். 1993 கோடையில் இரண்டு முனையும் சந்தித்தன. நீளம் 800 மீட்டரளவு, அகலம் ஒரு மீட்டர், உயரம் 1.6 மீட்டர். ஒரு குடும்பத்தின் வீட்டுக்குக் கீழே வாய் இருந்தது, வீட்டுச் சுவரில் ஷெல் பட்ட தழும்புகள் அப்படியே இருக்கின்றன. இன்று நடக்க விடுவது ஒரு சிறு துண்டு மட்டும். உயரமானவர்கள் குனிந்தே போக வேண்டும், முதுகுவலிக்காரர் வெளியில் நிற்பது நல்லது.

இதற்குள்ளால்தான் எண்ணெய்க் குழாய், மின் கம்பி, தொலைபேசிக் கம்பி, ஆயுதம், முட்டை, சிகரெட் எல்லாம் போயிருக்கின்றன. அப்போது உள்ளே போக இராணுவத்தின் அனுமதி வேண்டியிருந்தது. வீர வரலாறாக மட்டும் சொல்லாமல், வியாபாரத்தையும் வழிகாட்டி சொன்னதற்கு ஒரு சபாஷ். நகரத்துக்குள் கறுப்புச் சந்தையின் நாணயம் ஜெர்மன் மார்க். சிகரெட் தொழிற்சாலை முற்றுகையிலும் ஓடியது, சம்பளமே சிகரெட்டாகக் கிடைத்தவர்கள் உண்டு. பெட்டிக்குக் காகிதம் இல்லாமல் அச்சடித்த தாள்களில் சுற்றினார்களாம். முற்றுகை 1,425 நாள் நீண்டதற்கு வெறுப்பு மட்டும் காரணமில்லை, கோட்டின் இரண்டு பக்கத்திலும் அதில் சம்பாதித்தவர்கள் இருந்தார்கள்.

விளக்குகளைப் பற்றியும் கதை வந்தது. மின்சாரம் இல்லாத வீடுகளில் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி, மேலே கொஞ்சம் எண்ணெய் விட்டு, திரியை மிதக்க விட்டு எரித்திருக்கிறார்கள். நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவள். அதே ஆண்டுகளில் எங்கள் வீட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து ஒரு சொட்டு மண்ணெண்ணெயை ஊறவிட்டுத்தான் படித்தோம். வழிகாட்டியிடம் சொன்னேன். மற்றவர்களை மறந்துவிட்டு, திரி எவ்வளவு நேரம் நின்று எரியும் என்று விசாரிக்கத் தொடங்கிவிட்டார்.

இனிக் குறைகள். வாகனத்தில் ஆட்கள் அதிகம், பின்வரிசையில் இருந்தவர்களுக்குப் பாதி விளங்கவில்லை. தோட்டாக் கோதில் பேனா செய்து விற்கும் கடைக்கு முன்னால் நிறுத்தியதுக்குச் செலவான நேரம் வீண். மார்க்காலேயில் இன்னும் சற்று நின்றிருக்கலாம்.

பெரிய குறை வேறு. திரெபேவிச் மலைக்கு ஏற்றி, 1984 குளிர்கால ஒலிம்பிக்கின் பொப்ஸ்லெய் (பனிச்சறுக்கு வண்டி) தடத்தைக் காட்டுகிறார்கள். அதே மலையில்தான் கசானி என்ற பள்ளம் இருக்கிறது. நகரத்தைக் காத்த படையின் ஒரு பிரிவு, நகரத்துக்குள் இருந்த சேர்பியர்களைக் கொன்று போட்ட இடம் அது. 2021-இல் அங்கே நினைவுச்சின்னமும் வைத்தார்கள். சுற்றுலாவில் அந்தப் பெயரே வரவில்லை. நானாகக் கேட்ட பிறகு வழிகாட்டி ஒளிக்காமல் சொன்னார், அந்தப் பிரிவின் தலைவன் 1993-இல் தங்கள் ஆட்கள் கையாலேயே செத்ததையும் சொன்னார். தெரிந்த மனுசன்தான், நிறுவனம் கொடுத்த பட்டியலில் இல்லை. காசு வாங்கிக்கொண்டு போரைச் சொல்லித்தருகிறவர்கள் இதை விடக்கூடாது. முற்றுகை போட்டவனையும் முற்றுகைக்குள் இருந்தவனையும் இது சமமாக்கிவிடாது. உள்ளே இருந்தவனின் கையிலும் துப்பாக்கி வந்தால் முதலில் யார் தலைமேல் திரும்புகிறது என்பதும் இந்தக் கதையின் பகுதிதானே.

போருக்குப் பிந்தியதையும் அவசரமாக முடித்துவிட்டார்கள். போரை முடித்த 1995 டேட்டன் ஒப்பந்தம் நாட்டை நூற்றுக்கு 51, 49 என்று இரண்டு அலகாகப் பிரித்தது: ஒன்று முஸ்லிம்–குரோவாசியக் கூட்டமைப்பு, மற்றது சேர்பியக் குடியரசு; ஜனாதிபதிகள் மூவர், தலைமை எட்டு மாதத்துக்கு ஒருமுறை மாறும். அதோடு கதை முடிந்து வாகனம் விடுதி வாசலில் நின்றது.

மொத்தத்தில், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். அந்த வழிகாட்டி இல்லாவிட்டால் இரண்டரை. சிறு குழுவாகக் கூட்டிப்போகும் நிறுவனமாகப் பார்த்துப் பதியுங்கள், கசானிக்கும் போவீர்களா என்று முன்கூட்டியே கேளுங்கள். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இது வேண்டாம். டேட்டனுக்குப் பிந்திய பகுதியை நீங்களாகவே பார்த்துக்கொள்ளலாம், செலவு ஒரு டிக்கெட்தான். 103-ஆம் இலக்க டிராலிபஸ்ஸில் கடைசி நிறுத்தமான தோப்ரினியாவில் இறங்கி, கிழக்கு சாரயேவோ பேருந்து நிலையத்துக்கு நடங்கள். சற்று நேரத்தில் பலகைகளில் சிரிலிக் எழுத்து வரும், சேர்பியர்களின் அலகுக்குள் வந்துவிட்டீர்கள். காவலரண் கிடையாது, ஒருவரும் பாஸ்போர்ட் கேட்க மாட்டார்கள். பெல்கிரேடு போகிற பேருந்துகள் பல அங்கிருந்து கிளம்புகின்றன, அந்தப் பக்கம் போகிற எண்ணம் இருந்தால் பெட்டியோடு போனால் ஒரு அலைச்சல் மிச்சம்.