மூளையின் நீட்சியா, வெறும் பாக்கெட் நோட்டா? மூன்று மாத அனுபவம்

1998இல் ஆண்டி கிளார்க், டேவிட் சால்மர்ஸ் என்ற இரண்டு தத்துவவாதிகள் எழுதிய கட்டுரையில், அல்சைமர் என்ற மறதி நோய் உள்ள ஓட்டோ என்ற கற்பனை மனிதர் வருவார். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 53ஆம் தெருவில் இருப்பதை அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார், இங்கா என்ற பெண் அதையே மூளையிலிருந்து எடுக்கிறார், இரண்டும் ஒரே வேலைதானே, அப்புறம் நோட்டை மட்டும் ஏன் மனதுக்கு வெளியே தள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். அதைப் படித்த வேகத்தில் வாங்கியதுதான் இந்த 120 ரூபாய் பாக்கெட் நோட்டுப் புத்தகம்.

நோட்டு மனதின் பகுதியாக வேண்டுமென்றால் எப்போதும் கூடவே இருக்க வேண்டும், சட்டென்று பார்க்க முடிய வேண்டும், யோசிக்காமல் நம்ப முடிய வேண்டும். சட்டைப் பையில் கச்சிதமாக உட்காருகிறது, சரி. நாடாவை வைத்தால் பக்கமும் உடனே கிடைக்கிறது. நம்பிக்கையில்தான் இடி. ஜெல் பேனா மை அடுத்த பக்கம் வரை ஊறுகிறது, மே மாத வியர்வையில் மாமாவின் புது நம்பரே கரைந்துவிட்டது. “உங்க மனசுல ஒரு துண்டு போச்சு” என்று வீட்டில் ஒரே கிண்டல்.

கருவியைப் பயன்படுத்துவதாலேயே அது மனதின் பகுதியாகிவிடாது என்று ஃபிரெட் ஆடம்ஸ், கென் ஐசாவா என்ற தத்துவவாதிகள் மறுத்திருக்கிறார்கள். நம்பர் போன அன்று நான் அவர்கள் கட்சி.

ஐந்துக்கு மூன்று. பால்பாயிண்ட் பேனா என்றால் தாராளமாக வாங்கலாம்.