தனுஷ்கோடி வரைபடத்தை நகலெடுத்தல்: கை, கேமரா, ஸ்கேனர்

1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிப்பதற்கு முன் அச்சான, ஒரு மைலுக்கு ஓர் அங்குலம் என்ற அளவிலான வரைபடத்தை இன்று நகலெடுக்க வேண்டுமானால், கடலில் போன ரயில் பாதை தாளிலாவது தன் இடத்தில் நிற்க வேண்டும். அந்த அளவில் தாளின் 1 மில்லிமீட்டர் தரையில் 63 மீட்டருக்குச் சற்று அதிகம்; அரிச்சல்முனை போன்ற ஒடுங்கிய மணல்திட்டில் 2 மில்லிமீட்டர் பிசகினால் கரை கடலாகிவிடும்.

மெழுகுத்தாள் வைத்துக் கையால் படியெடுப்பதை இந்த வேலைக்கு நான் ஏற்கமாட்டேன். வரைபவர் எவ்வளவு தேர்ந்தவராயினும், ஒவ்வொரு வளைவிலும் அவர் கை சிறிது சேர்க்கும், சிறிது விடும்.

இந்தக் குறையைத் தீர்க்கவே ராணுவப் பொறியாளர்கள் பெரிய கேமராவுக்குப் போனார்கள். பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்டனன்ஸ் சர்வேயில் ஹென்றி ஜேம்ஸ் தலைமையில் 1860-ஐ ஒட்டி உருவான முறையில், நெகட்டிவிலிருந்து ஜெலட்டின் பூசிய தாளுக்கும், அதிலிருந்து துத்தநாகத் தகட்டுக்கும் படம் மாற்றி அச்சடிக்கப்பட்டது. சர்வே ஆஃப் இந்தியாவும் பின்னர் இதைக் கைக்கொண்டது. பிற்காலத்தில் கேமராவின் பின்பகுதி இருட்டறைக்குள்ளும், லென்சும் வரைபடம் பொருத்தும் பலகையும் வெளியிலும் இருக்குமாறு அமைத்தார்கள். அதே அளவில் நகல் வேண்டுமென்றால் நெகட்டிவும் பலகையும் லென்சிலிருந்து அதன் குவியத் தொலைவின் இரு மடங்கில் நிற்க வேண்டும். பாதியாகச் சுருக்க, பலகை மூன்று மடங்கிலும் நெகட்டிவ் ஒன்றரை மடங்கிலும் நிற்கும். நகலின் அளவு, பலகை தன் தண்டவாளத்தில் நகரும் தொலைவாக மாறியதால் கைக்கு அங்கே வேலையில்லை. முழுத் தாளும் ஒரே நேரத்தில் பதிவாவதால் ஓரத்துக்கும் நடுவுக்கும் இடையே புதிய இழுப்பும் அநேகமாக நுழைவதில்லை.

ஆனால் நம் கடற்கரைக்கு ஒரு தொல்லை உண்டு. நீல ஒளியை மட்டும் எளிதாக உணரும் பழைய தகடுகளில் நீலக் கோடு வெள்ளைத் தாளைப் போலவே பதியும். கடலோரக் கோடும், ராமநாதபுரத்தின் உயிரான கண்மாய்களும் நீலத்தில் அச்சாகியிருந்தால் அவையே முதலில் மறையும். எல்லா நிறத்தையும் உணரும் படலமும் சிவப்பு வடிகட்டியும் இருந்தால்தான் அவை கருமையாக எழும்.

ஸ்கேனரில் இந்த நிறச் சிக்கல் இல்லை. தாளை உருளைகளால் இழுக்கும் வகை மட்டும் ஒரு திசையில் நீட்டிவிடக்கூடும் என்பதால், தாளைப் படுக்க வைக்கும் வகையே எனக்கு ஏற்பு. மண்டபம் பக்கத்து உப்புக்காற்றில் ஈரமேறிய தாள் குறுக்கில் ஒரு விதமாகவும் நெடுக்கில் வேறு விதமாகவும் விரிந்திருக்கும். கேமரா அந்தக் கோணலையும் உண்மையாகவே படியெடுக்கும், ஸ்கேன் செய்த படத்திலோ இரு திசைகளையும் தனித்தனியே திருத்தலாம். ஆகவே அளவெடுக்க ஸ்கேனரையே தேர்வேன். அதில் முதலில் பார்க்க வேண்டியது, 15 நிமிட (கால் பாகை) இடைவெளியுள்ள அட்சக்கோடுகளுக்கு இடையே உள்ள தூரம்: அது சுமார் 43.6 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்.