ஆல்-கோ ஏகேஎஸ் 3004: கேரவன் ஹிட்ச் கத்தினால் கிரீஸ் டப்பாவைத் தொடாதீர்கள்

பிரிட்டனில் கேரவன் (காரின் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு) வைத்திருக்கும் நண்பர்கள் சிலர், அதைக் காரோடு இணைக்கும் இந்த ஏகேஎஸ் 3004 ஹிட்சைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எப்படி இருக்கிறது, வாங்கலாமா என்று ஆரம்பித்து, கடைசியில் எல்லோரும் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான்: "அது சரி, ஏன் இப்படிக் கத்துது?" முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பொருள் நல்ல பொருள். ஐந்துக்கு நான்கு கொடுப்பேன். நான் குறைத்த அந்த ஒன்றுக்கும் சத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். காரின் பின்னால் 50 மி.மீ. விட்டமுள்ள இரும்பு உருண்டை இருக்கும், அதுதான் டோ பால். சாதாரண ஹிட்ச் அந்த உருண்டையைக் கவ்விக்கொள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. ஏகேஎஸ் 3004 அப்படியில்லை, அதற்குள் நான்கு உராய்வு பேட்கள் இருக்கின்றன, இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொன்று, முன்னும் பின்னும் ஒவ்வொன்று. மேலே இருக்கும் பெரிய கைப்பிடியை அழுத்தி இறக்கினால் அவை உருண்டையை இறுக்கிப் பிடிக்கும். மோட்டார்வேயில் மணிக்கு 60 மைலில் (கேரவன் இழுத்தால் அதற்குமேல் போகக் கூடாது) போகும்போது பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்தால் கேரவனின் பின்பக்கம் லேசாக அலைய ஆரம்பிக்குமே, அந்த அலைச்சல் வளர்வதற்குள் உராய்வால் அடக்குவதற்குத்தான் இந்த ஏற்பாடு. முன் பின் பேட்களும் இருப்பதால் மேலும் கீழும் தலையாட்டுவதும் குறைகிறது. எம்5 மோட்டார்வேயில் டெவன் பக்கம் காற்றடிக்கும் நாளில் போய்ப் பார்த்தால் வித்தியாசம் ஸ்டியரிங்கிலேயே தெரியும்.

சத்தத்துக்கு வருவோம். பேட், வெறும் இரும்பின் மேல், காய்ந்த நிலையில் தேய வேண்டும். நடுவில் பெயிண்டோ கிரீஸோ துருவோ வந்துவிட்டால் ஒரு கணம் ஒட்டும், அடுத்த கணம் வழுக்கும், மறுபடி ஒட்டும். வயலின் வில் தந்தியில் செய்வதும் இதைத்தான், என்ன, இங்கே வருவது சங்கீதம் இல்லை. வேகமாகப் போகும்போது பெரிதாகக் கேட்காது. மெதுவாக வளைந்து திரும்பும்போதுதான் மானம் போகும், அதுவும் கேம்ப்சைட் வாசலில், மடக்கு நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருக்கிற அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கும்போது.

கதவு கிறீச்சிட்டால் தேங்காய் எண்ணெய் விட்ட வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம், கை தானாகவே கிரீஸ் டப்பாவுக்குப் போகும். சாதாரண ஹிட்சுக்கு அது சரிதான், அதற்குக் கிரீஸ் வேண்டும். இதற்குப் போட்டால் கொஞ்ச நாள் சத்தம் நிற்கும், கூடவே பேட்களின் பிடியும் போய்விடும், அப்புறம் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஸ்டெபிலைசர் (அலைச்சலை அடக்கும் இந்த ஏற்பாட்டுக்கு அதுதான் பெயர்) வெறும் ஹிட்ச்தான். டபிள்யூடி-40 ஸ்ப்ரே அடிப்பதும் அதே கதை, எண்ணெய்ப் படலத்தை விட்டுவிட்டுப் போகும்.

எங்கள் கேரவனில் சத்தம் ஆரம்பித்ததே வருடாந்திர சர்வீஸுக்கு விட்டு எடுத்த பிறகுதான். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். ஹிட்சைத் தூக்கி உள்ளே பார்த்தால் அங்கே தாராளமாகக் கிரீஸ், யாரோ அக்கறையோடு பூசியிருக்கிறார்கள்! கேட்டால், பேட் தேய்ந்துபோச்சு, முழு செட்டாக மாற்ற வேண்டும் என்று பதில். பேட்டின் தேய்மானம் பார்ப்பதற்கென்றே ஹிட்சில் குறி இருக்கிறது, அதைப் பார்த்தால் இன்னும் நிறைய ஓடும் நிலையில்தான் இருந்தது. சரி, நாமே பார்த்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டேன்.

தேவைப்பட்டதெல்லாம் ஒரு கேன் பிரேக் க்ளீனர் (எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் ஸ்ப்ரே), கொஞ்சம் உப்புத்தாள் (200-க்கும் 240-க்கும் இடைப்பட்ட நம்பர், அதைவிடக் கரடாக வேண்டாம்), பழைய துணி, கையுறை. முதலில் உருண்டை. துணியில் க்ளீனரை அடித்து, துணி கறுக்காமல் வரும்வரை துடைக்க வேண்டும். புது டோ பால் என்றால் பெரும்பாலும் கறுப்புப் பெயிண்டோடுதான் வரும், அந்தப் பெயிண்டை உப்புத்தாளால் முழுக்கத் தேய்த்து எடுத்து இரும்பு பளபளக்கும்வரை விடக் கூடாது, புது வண்டியில் சத்தம் வருகிறது என்று சொல்கிறவர்களில் பலருக்குக் காரணம் இதுதான். பழைய பால் என்றால் வெர்னியர் வைத்து அளந்தும் பாருங்கள், 49.61 மி.மீ.க்குக் கீழே தேய்ந்திருந்தால் எவ்வளவு துடைத்தும் பயனில்லை, பாலையே மாற்ற வேண்டும். அடுத்து பேட்கள். மேலே கண்ணாடி மாதிரி வழவழப்பு ஏறியிருந்தால் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து அந்தத் தோலை மட்டும் எடுத்து, மறுபடி துடைக்க வேண்டும். தூசியை மூச்சில் இழுக்காதீர்கள், வெளியில் வைத்தே செய்யுங்கள். க்ளீனர் ரப்பர் உறையிலும் கேரவன் பெயிண்டிலும் படக் கூடாது. கிரீஸ் பேட்டுக்குள்ளேயே ஊறிப் போயிருந்தால் மட்டும் கழுவிப் பிரயோசனம் கிடையாது, அப்போது செட் மாற்றத்தான் வேண்டும். எங்களுடையது நல்லவேளை மேலோட்டமாகத்தான் இருந்தது.

மாட்டிக் கிளம்பினால் முதல் சில திருப்பங்களில் முனகல் இருந்தது, பேட் உருண்டையில் உட்கார உட்கார அதுவும் போய்விட்டது. மழையில் இரண்டு நாள் மாட்டாமல் நின்றால் உருண்டையில் மெல்லிய துரு பிடிக்கும், மறுபடி கொஞ்சம் கத்தும். துடைத்தால் தீர்ந்தது. அதே பாலில் தோட்டக் குப்பை ஏற்றும் சின்ன டிரெய்லரையும் மாட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும், அதன் ஹிட்சில் இருக்கும் கிரீஸ் பாலில் ஒட்டி அப்படியே கேரவனுக்கு வந்து சேரும்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிரேக் போடும்போதும் கிளம்பும்போதும் "டங்" என்று இடிக்கிற சத்தம் வந்தால் அது பேட் விவகாரமே இல்லை. ஹிட்சுக்குப் பின்னால் ஒரு குழாய்க்குள் ஓடும் தண்டு, இடியைத் தாங்கும் அதன் டேம்பர், அங்கேதான் பார்க்க வேண்டும். அந்தக் குழாயின் மேல் கிரீஸ் நிப்பிள்கள் (கிரீஸ் ஏற்றும் சின்ன முனைகள்) இருக்கும், கிரீஸ் அங்கேதான், தாராளமாக. கேரவனின் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுத் தண்டை உள்ளே தள்ளிப் பாருங்கள், அது மெதுவாகத் தானாகவே வெளியே வர வேண்டும். வரவில்லை என்றால் டேம்பர் போய்விட்டது, அதை விவரம் தெரிந்த பட்டறையிடம் விடுங்கள்.

அந்த ஒரு மதிப்பெண்ணை எதற்குக் குறைத்தேன்? கைப்பிடி முரட்டுத்தனமாக இருக்கிறது, என் மனைவிக்கு முழு உடம்பு பலத்தையும் போட்டால்தான் இறங்குகிறது. கழுத்து நீளமான டோ பால் வேண்டும், எல்லா காரிலும் அது இருக்காது, வாங்கும்முன் பார்த்துக்கொள்ளுங்கள். பேட் செட்டும் மலிவில்லை. இதே வேலையைச் செய்யும் வின்டர்ஹாஃப் டபிள்யூஎஸ் 3000-இல் பேட்கள் இரண்டுதான், ஆனால் கிரீஸ் படாமல் வைத்திருக்க வேண்டும் என்ற விதி அதற்கும் உண்டு, அதனால் சத்தத்துக்காக இதை விட்டு அதற்கு மாறுவதில் அர்த்தமில்லை. சைட்டுக்குள் ரிவர்ஸ் எடுத்து நெருக்கி நிறுத்தும்போது ஸ்டெபிலைசர் கைப்பிடியைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், ஹிட்ச் கழன்றுவிடாது, கழற்றுவதற்குத் தனிப் பிடி.

பழைய கேரவன் வாங்கப் போகிறவர்கள் மெத்தை, சமையலறை எல்லாம் பார்க்கும்முன் ஹிட்சுக்குள் ஒரு விரலை விட்டுப் பாருங்கள். கறுப்பாக வழவழவென்று ஒட்டினால் ஒரு பேட் செட் விலையைக் கழித்துப் பேசுங்கள்.